ஒன்றேகால் மணி நேரத் தூரம்

சென்னை,
20.8.1961

அன்புள்ள தங்கை பாஞ்சாலைக்கு,

அண்ணன் ஆதிநாராயணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் அம்சவேணியும் சுகம். உன் முழங்கால் வலிக்கு வேலூரில் காட்டினாயா? உன் பெண் ரேணுவின் இருமல் நின்றதா?

இந்த மாதம் முதல் எங்கள் இலாகாவில் பெங்களூர் வேலைக்கு விமானத்தில் அனுப்புகிறார்கள். போன வாரம் முதல் தடவையாகப் போனேன். மீனம்பாக்கத்தில் ஏறி உட்கார்ந்து ஒன்றேகால் மணி நேரத்தில் பெங்களூர். நூற்றெண்பது மைல்! ஏறியதும் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சும், வாயில் போட்டுக்கொள்ளப் பெப்பர்மின்டும் கொடுத்தார்கள். வேலூர்க் கோட்டை தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதற்குத் தெற்கே மடிப்பு மடிப்பாகப் பச்சை. "அதுதான் ஜவ்வாது மலை. என் தங்கை அங்கே பள்ளிக்கூடத் தலைமையாசிரியை" என்று பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னேன். "அங்கெல்லாம்கூட ஸ்கூல் இருக்கா சார்?" என்றார்.

நம் அப்பா போளூரிலிருந்து பட்டணம் வந்துபோனால் இரண்டு நாள் படுத்துக்கிடப்பார். இனித் தூரம் என்ற பேச்சுக்கே இடமில்லை, பாஞ்சாலை. பெங்களூரிலிருந்து ரயிலில் திரும்பும்போது ஒரு நாள் காட்பாடியில் இறங்கி உன்னை வந்து பார்க்கிறேன். மாப்பிள்ளை காலமான பிறகு ஒரு தடவைகூட மலைக்கு வரவில்லை என்பது எனக்கு நினைவில் இருக்கிறது.

ரேணுவுக்கு என் ஆசி.

அண்ணன்,
ஆதிநாராயணன்


ஜவ்வாது மலை, வழி கண்ணமங்கலம்,
3.9.1961

அன்புள்ள அண்ணாவுக்கு வணக்கம்.

நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இருமல் நின்றுவிட்டது. முழங்கால் வலி நிற்கவில்லை. அண்ணிக்கு ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது?

உங்கள் ஒன்றேகால் மணி நேரத்தைப் படித்துச் சிரித்தேன். உங்கள் கடிதம் எனக்கு ஆறாம் நாள் வந்தது. கண்ணமங்கலத்தில் இரண்டு நாள் கிடந்து, அமீனுல்லா பாயின் லாரியில் ஏறி வந்தது. அவர் வாணியம்பாடிக்காரர். இங்கே கடுக்காயும் புளியும் வாங்கித் தோல் மண்டிகளுக்கும் சந்தைகளுக்கும் அனுப்புகிறவர். லாரி மலைக்குப் பாதி தூரம்தான் ஏறும். மிச்சம் நடை.

விமானத்தை எங்களுக்கும் தெரியும். காலையில் வடக்கு உச்சிக்கு அப்பால் இரைச்சல் கேட்டதும் பெண்கள் உலை வைக்கிறார்கள். பள்ளியில் கடிகாரம் நின்றுபோய்ப் பல மாதம் ஆகிறது. நானும் அந்த இரைச்சலுக்குத்தான் முதல் மணி அடிக்கச் சொல்கிறேன். அதில் நீங்கள் போகிறீர்கள் என்று சொன்னதும் ஊர்ப் பெரியவர் கோபால்சாமி, "இன்னா டீச்சரம்மா, உங்க அண்ணன் வூட்டுக்கு வராம மேலயே போறாரே, எறங்கத் தெரியாதா அவருக்கு?" என்றார்.

தெரியும், வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கை,
பாஞ்சாலை


சென்னை,
11.10.1961

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

ஆண்டவன் கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் பதில் வந்து நாளாகிவிட்டது. அதற்குள் மூன்று தடவை பெங்களூர் போய்வந்தேன். ஒவ்வொரு தடவையும் காட்பாடியில் இறங்கத்தான் நினைத்தேன். ஒரு தடவை மேலதிகாரி கூடவே வந்தார். ஒரு தடவை மழை. இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது என்றைக்கு வேண்டுமானாலும் வரலாம் என்றுதான் தோன்றுகிறது.

ஒரு நல்ல செய்தி. அம்சவேணிக்குப் பெங்களூரில் ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் இன்ஜினீயர். மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு. குடும்பம், குலம், உறவு எல்லாம் விசாரித்துத்தான் செய்வார்களாம். பையனின் அப்பா நம் பக்கத்து உறவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்கிறார். உன்னை "தலைமையாசிரியை, பி.ஏ." என்று சொன்னேன். மிகவும் திருப்தி அவருக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
ஆதிநாராயணன்


ஜவ்வாது மலை,
2.11.1961

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. அம்சவேணியின் வரன் நல்லபடி அமையட்டும்.

எனக்கும் ஒரு செய்தி இருக்கிறது. சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். ரேணு எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் தீர்த்தகிரியைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறாள். மலைக்காரப் பையன். ஆசிரியர் பயிற்சி முடித்தவன். கோபால்சாமிக்கு ஒன்றுவிட்ட தம்பி மகன். நான் ஒரு மாதம் பேசிப் பார்த்தேன். பேசப் பேச என் பக்கம்தான் காரணம் குறைந்துகொண்டே வந்தது. சம்மதித்துவிட்டேன்.

கீழே எல்லோரும் அஷ்டகிரகம் சேர்ந்து உலகம் அழியப்போகிறது என்று பயந்து தை மாதத்துக்குள் கல்யாணங்களை முடிக்கிறார்களாம். அந்தப் பயம் இன்னும் மலை ஏறவில்லை. ஆனாலும் எங்களுக்கும் தை மாதம்தான் வசதி. ஜனவரி 25, வியாழக்கிழமை.

அண்ணா, நீங்கள் வரவேண்டும். வந்தால் நன்றாயிருக்கும் என்று எழுதவில்லை. இங்கே தாய்மாமன்தான் பெண்ணின் கையைப் பிடித்து வீட்டிலிருந்து பந்தலுக்கு நடத்திவந்து மணையில் உட்காரவைக்க வேண்டும். மாமன் நிற்காமல் தாலி ஏறாது. ரேணுவுக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவனும் இல்லை. என் பக்கத்திலிருந்து அவளுக்கு நிற்க நீங்கள் ஒருவர்தான்.

நானே நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டும். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. தவறாக நினைக்காதீர்கள். அண்ணியையும் அழைத்து வாருங்கள்.

தங்கை,
பாஞ்சாலை


சென்னை,
4.1.1962

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

நலம். உன் நலத்தையும் ரேணுவின் நலத்தையும் கோருகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆபீஸ் வேலை நெருக்கடி.

நீ படித்தவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரேணு சின்னப் பெண். நன்றாக யோசித்தாயா என்று மட்டும் கேட்கிறேன். உன் அண்ணிக்கு இன்னும் சொல்லவில்லை. அவள் உடம்பு இருக்கும் நிலையில், கல்யாணம் முடிந்தபின் சொல்லிக்கொள்ளலாம்.

நான் வருகிறேன். 24ஆம் தேதி பெங்களூரில் எனக்கு ஒரு கூட்டம் இருக்கிறது. அதுவும் நல்லதுதான். காலை விமானத்தில் போய், மத்தியானம் கூட்டத்தை முடித்து, மாலை ரயிலில் காட்பாடிக்கு வந்துவிடுவேன். அங்கிருந்து விடியற்காலையில் ஒரு வண்டி பிடித்தால் முகூர்த்தத்துக்கு முன் உன் வாசலில் நிற்பேன். நேராக ரயிலில் வருவதானால் இரண்டு நாள் லீவு போடவேண்டும். விமானம் இருப்பதால் அது மிச்சம்.

மாமன் சீருக்கு என்ன வாங்க வேண்டும் என்று எழுது.

அண்ணன்,
ஆதிநாராயணன்


ஜவ்வாது மலை,
26.1.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருக்கவேண்டும் என்பதுதான் இதை எழுதும்போது என் முதல் கவலை. வராமல் போனதற்கு உடம்புதான் காரணமோ என்று நேற்றெல்லாம் பயந்துகொண்டிருந்தேன். உடனே ஒரு வரி எழுதுங்கள்.

கல்யாணம் நடந்துவிட்டது.

முந்தாநாள் காலையில் பந்தலுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் விமானம் போயிற்று. அன்றைக்கு வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. வெள்ளியாக மின்னியதைக் கண்ணால் பார்த்தோம். ரேணு நலங்கு மஞ்சளோடு வெளியே ஓடிவந்து, "அதோ எங்க மாமா!" என்று கையை ஆட்டினாள். சம்பந்தியம்மாள் செல்லியம்மாள்கூட அண்ணாந்து பார்த்து, "நாளைக்கு எறங்கிடுவாரு பாரு" என்றாள்.

நேற்று விடிந்ததிலிருந்து இரண்டு ஆட்களை அடிவாரத்தில் நிறுத்திவைத்திருந்தேன். முகூர்த்தம் நெருங்கிவிட்டது. கோபால்சாமி எழுந்து, "பொண்ணு சைடுல மாமன் யாரு?" என்று கேட்டார். நான் அடிவாரப் பாதையைத் திரும்பிப் பார்த்தேன். பந்தலில் இருந்தவர்கள் எல்லோருமே மாப்பிள்ளைக்கு ஒரு வகையில் பங்காளிகள். மாமனாக நிற்க மலைக்குக் கீழேயிருந்து வந்த ஆள் ஒருவராவது வேண்டும். அமீனுல்லா பாய் கடுக்காய் மூட்டைகளை எடைபோட வந்தவர், அழைத்ததற்காகப் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

கோபால்சாமி அவரைப் பார்த்து, "யோவ் பாய், கீழேருந்து வந்தவன் நீ ஒருத்தன்தான். எந்திரிச்சு வா. பொண்ணு கையப் புடி" என்றார்.

"இன்னா பெரியவரே, வெளையாட்றீங்களா? நான் பள்ளிவாசலுக்குப் போறவன்."

"பள்ளிவாசலுக்குப் போ, வேணாங்கல. மொதல்ல இந்தப் பந்தலுக்கு வா. மாமன்னா கை ரெண்டும் காலு ரெண்டும் வேணும். உனக்கு இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"அப்பால இன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாய் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். பனியனோடு இருந்தவர் எழுந்து, பந்தல்காலில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுப் பொத்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு, கைகால் கழுவிவந்து ரேணுவின் கையைப் பிடித்தார். அதன்பின் யாரும் சிரிக்கவில்லை.

ரேணு நன்றாக இருக்கிறாள். உங்கள் உடம்பைப் பற்றி எழுதுங்கள்.

தங்கை,
பாஞ்சாலை


சென்னை,
27.1.1962

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

நான் சௌக்கியமாகவே இருக்கிறேன். அங்கே கல்யாணம் குறைவில்லாமல் நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

என்ன சொல்லி உன்னைச் சமாதானப்படுத்துவது என்று தெரியவில்லை. 24ஆம் தேதி காலை ஒரே பனிமூட்டம். விமானம் புறப்படவேயில்லை. மீனம்பாக்கத்தில் மத்தியானம் வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ரத்து என்றார்கள். கூட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அதற்குப் போகாமல் இருக்க முடியவில்லை. இந்த விமானத்தை நம்பியதுதான் தவறு.

ரேணுவுக்கு ஒரு பட்டுப்புடவை பார்சலில் அனுப்புகிறேன். மாமன் சீராக வைத்துக்கொள்ளச் சொல். கூடிய சீக்கிரம் நேரில் வந்து ஆசீர்வதிக்கிறேன்.

அண்ணன்,
ஆதிநாராயணன்


சென்னை,
19.4.1962

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நம் கடிதங்கள் இரண்டும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன் 26ஆம் தேதிக் கடிதம் எனக்கு மாதக் கடைசியில் கிடைத்தது. என்னுடையதும் அதே சமயம் உனக்குக் கிடைத்திருக்கும். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. பார்சல் வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

அன்றைய விமானத்தைப் பற்றி உனக்கு நான் இன்னும் விவரமாக எழுத வேண்டும். இரண்டு தடவை எழுத உட்கார்ந்தேன்.

அம்சவேணிக்கு நிச்சயமாகிவிட்டது. வைகாசியில் முகூர்த்தம். பத்திரிகை இத்துடன் இருக்கிறது. பள்ளி லீவாக இருக்கும், வரப் பார். உன் சௌகரியம்போல் செய். முழங்காலோடு அவ்வளவு தூரம் சிரமப்பட வேண்டும் என்பதில்லை.

அண்ணன்,
ஆதிநாராயணன்


ஜவ்வாது மலை,
30.6.1962

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். அம்சவேணி கல்யாணம் நல்லபடி முடிந்திருக்கும். நான் வரவில்லை. வரச் சிரமப்பட வேண்டியதில்லை என்று நீங்கள் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

புடவை வந்தது. ரேணு ஒரு நாள் கட்டிக்கொண்டாள். நிறம் அவளுக்குப் பொருந்துகிறது.

விமானத்தைப் பற்றி விவரமாக எழுத வேண்டாம், அண்ணா. அது போவதும் போகாததும் இங்கே எல்லோருக்கும் காதில் விழுகிறது. ரேணுவிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "பனியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பள்ளிக்கு இப்போது புதுக் கடிகாரம் வந்துவிட்டது.

இந்த வருஷம் சாமை நன்றாக முளைத்திருக்கிறது. பிள்ளைகள் அறுபது பேர் சேர்ந்திருக்கிறார்கள். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை,
பாஞ்சாலை


சென்னை,
8.9.1963

அன்புள்ள பாஞ்சாலைக்கு,

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீயும் ரேணுவும் குழந்தையும் சுகமா? பிள்ளை பிறந்த செய்தியைப் போளூர் லட்சுமணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன் அண்ணி கேட்டு மிகவும் சந்தோஷப்பட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். நான் நினைத்ததுபோல் அவள் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. "இதை ஏன் என்னிடம் மறைத்தீர்கள்?" என்று கேட்டாள், அவ்வளவுதான்.

போன மாதம் பெங்களூரில் சம்பந்தி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர் திடீரென்று, "உங்கள் தங்கை மகளுக்கு மலையில் கல்யாணம் நடந்ததாமே, நம்ம பேச்சு நடந்த சமயத்தில்? நாங்கள் விசாரித்தபோதே தெரியும். அந்தப் பையனைப் பற்றிக்கூட நல்லவிதமாகச் சொன்னார்கள். ஆனால் தாய்மாமன் போகவில்லை என்றார்கள். அதுதான் எங்களுக்குக் கொஞ்சம் யோசனையாக இருந்தது" என்றார். மோர் ஊற்றிக்கொண்டிருந்த அம்சவேணி என்னைப் பார்த்தாள். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

அதன்பின் நான் விமானத்தில் போவதில்லை. இரவு ரயிலில் போகிறேன். காட்பாடி வரும்போது விழித்துக்கொள்கிறேன்.

குழந்தைக்குக் காது குத்தப்போகிறீர்கள் என்று லட்சுமணன் சொன்னார். ரேணுவுக்கு உடன்பிறந்தவன் இல்லை. அந்த மடி நான் கொடுக்க வேண்டிய மடி. தேதியை மட்டும் எழுது. முன்தினமே வந்து, நடந்தே மலை ஏறிவந்து உட்காருகிறேன். இதை எனக்குக் கொடு, பாஞ்சாலை.

அண்ணன்,
ஆதிநாராயணன்


ஜவ்வாது மலை,
29.9.1963

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். குழந்தை, ரேணு, தீர்த்தகிரி எல்லோரும் நலம். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு கோபால்சாமியிடம் போய், உங்களுக்காகக் கேட்டேன். நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"அதெப்படிம்மா? பொண்ணுக்கு மாமன்னு நின்னவன்தான் அந்த வூட்டுக்கு மாமன். நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவன்தான் வரணும். இன்னிக்கு ஒருத்தன், நாளைக்கு ஒருத்தன்னா ஊரு ஒத்துக்குமா?" என்றார்.

அமீனுல்லா பாய் பக்கத்தில்தான் இருந்தார். ரேணுவின் வளைகாப்புக்கு வாணியம்பாடியிலிருந்து வளையல் கொண்டுவந்தவர் அவர். பிரசவத்தின்போது மூட்டைகளை நடுவழியில் இறக்கிவிட்டு லாரியை வெறும் வண்டியாகத் திருப்பிக்கொண்டு வந்து ரேணுவை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தவரும் அவரே. அவர் வீட்டம்மா ஜெய்புன்னிசா ஐந்து நாள் அங்கேயே கூட இருந்தாள். "டீச்சரம்மா, கூடப் பொறந்தவரு வர்றாருன்னா நான் வெலகிக்கறேன். இதுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல" என்றார். உண்மையாகத்தான் சொன்னார். முகத்தில் தெரிந்தது.

எனக்கு அதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, அண்ணா. வீட்டுக்கு வந்து ரேணுவிடம் சொன்னேன். அவள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே, "பாய் மாமா வெலகறேன்னு சொல்லலாம். நான் எப்பிடிம்மா அவர வெலகச் சொல்றது? அன்னிக்குக் கை கழுவிட்டு வந்து என் கையப் புடிச்சாரு. அந்த ஈரம்கூடக் காயல. எனக்குத் தெரியும்" என்றாள். குழந்தையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "மாமாவ வரச் சொல்லு. கட்டாயம் வரச் சொல்லு" என்றாள்.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை காது குத்துகிறோம். பிள்ளை பாயின் மடியில்தான் உட்காரும். நீங்களும் அண்ணியும் வாருங்கள். அடிவாரத்திலிருந்து அண்ணிக்கு டோலி ஏற்பாடு செய்கிறேன்.

எனக்கு ஒன்றுதான் தெரியவில்லை. குழந்தை பாயைப் பார்த்தால் இப்போதே "தாத்தா" என்று கையை நீட்டுகிறது. உங்களை என்னவென்று கூப்பிடப் பழக்குவது என்று ரேணு கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
பாஞ்சாலை